மூட்டை

ஒரு பழைய கட்டில் வாங்கின கதையை எழுதப் போகிறேன். கட்டில் வாங்குறதெல்லாம் ஒரு கதையா என்று கேட்கிறவர்கள் பிறந்த நாளிலிருந்து கட்டிலில் படுத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்தோரு வயசில்தான் சொந்தமாக ஒரு கட்டில் வாங்க முடிந்தது. அதுவும் பழசு. அந்தக் கட்டிலால் என் வீட்டில் வந்த அரிப்பு, அந்த அரிப்பு எதனால் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு, கண்டுபிடிக்கிறதுக்குள் எங்கம்மாவுக்கு நான் செய்த அநியாயம், இவ்வளவுதான் விஷயம். நடந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவும் இப்போது இல்லை. இனியாவது எழுதிவிட வேண்டும்.

எங்க ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். ஊர் என்றால் ஊர் இல்லை, காலனி. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்க தெரு மொத்தத்துக்கும் நாலோ அஞ்சோ கயித்துக் கட்டில்தான் இருந்துச்சு. அதையும் வாசலில் போட்டு உட்கார்ந்திருக்கும்போது ஊர்த்தெரு ஆள் யாராவது அந்தப் பக்கம் வந்துட்டா எழுந்து நிக்கணும். வயசானவர், நோயாளி என்றெல்லாம் கணக்கு இல்லை. எங்க தாத்தா ராத்திரியில் படுத்திருக்கும்போது களத்துமேட்டுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். “படுத்திருந்தாலும் ஒரு காது முழிச்சிருக்கணும்டா”ன்னு சொல்வார். செருப்புச் சத்தம் தாண்டிப்போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் படுப்பார்.

தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போறது, மேளம் அடிக்கிறது, குழி வெட்டுறது, எரிக்கிறது எல்லாம் எங்க குடும்பத்து வேலை. கூலி என்று பெரிசாக ஒன்றும் கிடையாது. செத்தவர் கட்டியிருந்த துணி, படுத்திருந்த பாய், தலையணை இதெல்லாம் எங்களுக்கு. சில வீட்டில் கட்டிலையும் தூக்கிப் போடுவார்கள். பெரிய வீட்டுக்காரருடைய அப்பா இழுத்துக்கொண்டு கிடந்து செத்தபோது அவர் கிடந்த கட்டிலை அப்படித்தான் கொடுத்தார்கள். ஒரு கால் உடைந்து போயிருந்தது. தாத்தா கருவேலங்கட்டையைச் செதுக்கிக் கால் வைத்தார். பிள்ளைங்க நாங்க அஞ்சு பேரும் அதன்மேல் ஏறிக் குதித்தோம். அம்மா மட்டும் கடைசி வரைக்கும் அதில் உட்கார்ந்ததே இல்லை. “செத்தவன் படுத்த கட்டிலு, எனக்கு வாணாம்”னு சொல்லும். ஆனால் மாசத்துக்கு ஒருநாள் அதை வெளியே இழுத்துப் போட்டு, கொதிக்கிற தண்ணியைச் சொம்பில் மொண்டு, கயிறு முடிச்சு முடிச்சாக ஊற்றும். கட்டிலைத் தூக்கித் தரையில் டமார் டமார்னு தட்டும். மூட்டைப்பூச்சி உதிரும். நாங்க குச்சியால் நசுக்குவோம். ரத்தம் தெறிக்கும். நாத்தம் குடலைப் பிடுங்கும். அது நம்ம ரத்தம்தானே என்று அப்போது தோன்றினதில்லை.

யோசித்துப் பார்த்தால் எங்க வாழ்க்கையே ரெண்டாம் கை வாழ்க்கைதான். சட்டை யாரோ போட்டது. கூழ் யாரோ குடிச்சு மிஞ்சினது. பள்ளிக்கூடப் புத்தகம் யாரோ படிச்சு, மீசை வரைஞ்சு, அட்டை கிழிஞ்சது. புதுசாக எங்களுக்கு வந்தது வசவு மட்டும்தான். அது தினமும் புதுசாக வரும்.

விடுதியில் தங்கிப் படித்தேன். அங்கேயும் பாய்க்குப் பாய் மூட்டைப்பூச்சி. பரீட்சை எழுதி அரசாங்க ஆபீசில் இளநிலை உதவியாளர் ஆனேன். 1997ல் பம்மலில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். நான், என் மனைவி, நாலு வயசுப் பாப்பா. வீடு பார்க்கப் போன அன்றைக்கே வீட்டுக்காரம்மா “நீங்க என்ன ஆளுங்க?”ன்னு கேட்டுட்டாங்க. “திண்டிவனம் பக்கங்க, வேளாண்மை பண்றவங்க” என்று சொன்னேன். அது பொய் இல்லை. எங்கம்மா நடாத நாத்தா, அறுக்காத கதிரா? ஆனால் அந்த அம்மா புரிந்துகொண்டது வேறு. வேறாகப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் நானும் அப்படிச் சொன்னேன். பாப்பாவுக்கு “ஆயா”ன்னு சொல்லாதே, “பாட்டி”ன்னு சொல்லு என்று பழக்கினேன். வீட்டில் அம்பேத்கர் படம் வைக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தது.

அந்த வருஷம் நிலுவைப் பணம் கொஞ்சம் வந்தது. கட்டில் வாங்கலாம் என்று மனைவி சொன்னாள். புதுக் கட்டில் விலை கேட்டால் தலை சுற்றுச்சு. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடும். ஆடு கோழியிலிருந்து பழைய பீரோ, நாற்காலி, மேசை, கடிகாரம் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு மூலையில் தேக்குக் கட்டில் ஒன்று. தலைமாட்டுப் பலகையில் பூவேலை. புதுசா வார்னிஷ் அடித்துப் பளபளவென்று நின்றது. “பெரிய எடத்துக் கட்டில் சார். வீட்டை இடிக்கிறாங்கன்னு எடுத்தோம். ஆறு மாசமா கொடவுன்லயே இருந்துச்சு. உங்க பேரன் காலம் வரைக்கும் அசையாது” என்றார் கடைக்காரர். 1,600 ரூபாய்க்கு முடிந்தது. மீன்பாடி வண்டியில் ஏற்றி, பின்னால் சைக்கிளில் நான் வந்தேன். பெரிய இடத்துக் கட்டில் என் வீட்டுக்குப் போகிறது என்ற நினைப்பு. பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இலவம்பஞ்சு மெத்தை போட்டு மூணு பேரும் படுத்தோம். பத்து நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் ஊரிலிருந்து அம்மா வந்தது. தலையில் ஒரு துணி மூட்டை. அதற்குள் ரெண்டு சேலை, ஒரு போர்வை, பாப்பாவுக்கு வறுத்த மல்லாட்டை நாலு படி, கேழ்வரகு மாவு. வந்த அன்றைக்கு அம்மா கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. தொட்டுப் பார்த்தது. “நீயே காசு குடுத்து வாங்கினதா?”ன்னு கேட்டுது. ஆமாம்மா என்றேன். உட்காரும்மா என்றதற்கு, “இருக்கட்டும்டா, எனக்குத் தரைதான் சொகம்”னு பாயை விரித்துக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

ரெண்டு நாள் கழித்துப் பாப்பா கையிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிந்து அழுதாள். மறுநாள் கன்னத்தில் மூணு. எனக்கும் மனைவிக்கும் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கும் இல்லை. குழந்தைக்கு மட்டும். வேர்க்குருவாக இருக்கும் என்று பவுடர் போட்டோம். ஏதாவது தின்றது ஒத்துக்கொள்ளவில்லையோ என்று முட்டை, கருவாடு நிறுத்தினோம். அடங்கவில்லை. சொறிந்த இடம் புண்ணாகி நீர் வடிய ஆரம்பித்தது.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கிப்போனோம். அவர் தூரத்திலிருந்தே பார்த்தார். “ஊர்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா?” என்று கேட்டார். அம்மா வந்திருக்காங்க என்றேன். “அதான். சிரங்குப் பூச்சி. கிராமத்திலேர்ந்து வர்றவங்க துணிமணியில வரும். வீட்டுல இருக்கிற அத்தன பேரும் போட்டுக்கணும்”னு சொல்லி பென்சைல் பென்சோயேட் மருந்து எழுதிக் கொடுத்தார். விரலிடுக்கைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்க்கவில்லை. ஊர் என்ற ஒரு வார்த்தையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவருக்குப் போதுமானதாக இருந்தது சரி. எனக்கும் போதுமானதாக இருந்துச்சே, அதைத்தான் சொல்ல வந்தேன். நாள் கணக்குப் போட்டேன். அம்மா வந்தது ஞாயிற்றுக்கிழமை. தடிப்பு செவ்வாய்க்கிழமை. வேறு என்ன வேணும்? வீட்டுக்கு வந்ததும் அம்மாவுடைய மூட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். “அவிழும்மா” என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. நானே அவிழ்த்தேன். சேலையை உதறினேன். போர்வையை உதறினேன். அண்டாவில் வெந்நீர் போட்டு எல்லாவற்றையும் முக்கினேன். மாவையும் மல்லாட்டையையும் குப்பையில் கொட்டினேன். நாலு படி. களை வெட்டின வீட்டில் கூலிக்குப் பதிலாக வாங்கி, ஓடு உரித்து, வறுத்து, பேத்திக்குன்னு எடுத்துவந்தது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றது. “அதுல இன்னாடா பண்ணுச்சு?” என்று மட்டும் கேட்டுது.

அப்புறம் மருந்து. கழுத்துக்குக் கீழே உடம்பெல்லாம் பூசி, மறுநாள்தான் குளிக்கணும். எரியும். என் மனைவி அம்மாவைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்ப் பூசிவிட்டாள். அறுபது வயசில் மருமகள் எதிரில் துணி அவிழ்த்து நிற்க வேண்டி வந்துவிட்டது அம்மாவுக்கு. வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அம்மா படுக்கை வெளித் திண்ணையில்தான். நான்தான் சொன்னேன். “காத்தோட்டமா இருக்கும்மா” என்றேன். இப்போதும் என் காதில் அந்த வார்த்தை கேட்கிறது. எங்க தாத்தாவை ஊர்த்தெருவில் எந்தத் தூரத்தில் நிற்க வைத்தார்களோ, அதே தூரத்தில் எங்கம்மாவை நான் படுக்க வைத்தேன். அவர்கள் சாதி என்று சொல்லிச் செய்தார்கள். நான் சுத்தம் என்று சொல்லிச் செய்தேன். சாதியும் அவர்கள் வாயில் சுத்தம் என்றுதானே வந்தது.

அம்மா ஒரு நாள் சொல்லவும் செய்தது. “எப்பா, அந்தக் கட்டில தூக்கிப் பாருடா. எனக்கு வாசன வர்றமாரி இருக்குது.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அது தேக்கும்மா. தேக்குல பூச்சி ஏறாது. உங்க கயித்துக் கட்டில்னு நெனச்சியா?” என்று கத்தினேன். உங்க கயித்துக் கட்டில். எங்க என்று என் வாயில் வரவில்லை. தேக்கில் கரையான் ஏறாது என்பது சரிதான். கரையானுக்கு மரம்தான் சாப்பாடு. மூட்டைப்பூச்சிக்கு மரம் சாப்பாடு இல்லையே, இடுக்குதானே வீடு. இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் மூட்டைப்பூச்சி என்றால் குடிசையில் இருக்கும், விடுதியில் இருக்கும், பெரிய இடத்துத் தேக்கில் எப்படி இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன், தலையணையைப் பார்த்தேன், அம்மாவின் பாயை மூணு தடவை பார்த்தேன். கட்டிலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இதற்குள் இன்னொன்று நடந்தது. குழாயடியில் வீட்டுக்காரம்மா அம்மாவிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஊர்ல வீடு எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். “காலனியிலதாம்மா”ன்னு அம்மா உள்ளதைச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பொய் சொல்ல நான் பழக்கவில்லை. அன்று சாயங்காலம் நாங்கள் தண்ணி பிடித்த குழாயை அந்த அம்மா ரெண்டு சொம்புத் தண்ணி ஊற்றிக் கழுவிவிட்டுப் பிடித்தார். மருந்து நாத்தம், பாப்பா முகத்தில் தடிப்பு, இதெல்லாம் ஏற்கெனவே பார்த்தவர்தான். இப்போது எல்லாம் அவருக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. “சொறி புடிச்ச குடும்பம்னு தெரியாம வச்சிட்டோம்”னு அடுத்த போர்ஷனில் சொன்னது எங்க காதுக்கு வந்தது. அந்தக் கோபத்தையும் நான் அம்மாமேல்தான் காட்டினேன். “யார்கிட்ட என்ன பேசணும்னு தெரியாதா உனக்கு?” அம்மா பதில் பேசவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

ரெண்டு தடவை மருந்து பூசியும் குழந்தைக்கு அடங்கவில்லை. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலையில் ஆறு மணிக்குப் போய் வரிசையில் நின்று பதினொரு மணிக்குப் பார்த்தோம். வயசான ஒரு டாக்டரம்மா. பாப்பாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி எல்லாம் கண்ணாடி வைத்துப் பார்த்தார். “யாருப்பா சிரங்குன்னு சொன்னது? சிரங்குன்னா இங்கதான மொதல்ல இருக்கணும்? இது மூஞ்சி, கழுத்து, கை. தூங்கறப்ப துணி மூடாத இடம். பாரு, மூணு மூணா வரிசையா இருக்கு. பூச்சிக்கடி” என்றார். அப்புறம் ஒரு கேள்வி. “வீட்டுக்குப் பழைய கட்டில், சோபா ஏதாச்சும் புதுசா வாங்கினீங்களா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்களுக்கு ஏன் தடிப்பு இல்லை என்று மனைவி கேட்டாள். டாக்டரம்மா சொன்னார்: “கடி எல்லாருக்கும்தான் விழுது. தடிப்பு சில பேருக்குத்தான் வரும். அதுவும் மொத மொதல்ல கடிபடறவங்களுக்கு உடனே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுக்கூட வரும். நீங்க சின்ன வயசுலேர்ந்து கடிபட்டிருப்பீங்க. பழகிப்போச்சு.”

பத்து நாள். அம்மா வந்த கணக்கைப் போட்டேனே, கட்டில் வந்த கணக்கைப் போட்டேனா? கட்டில் வந்து பதினொன்றாம் நாள் தடிப்பு. அம்மா வருவதற்கு முன்னாடியே ஒன்பது ராத்திரி என் குழந்தையைக் கடித்திருக்கிறது.

அன்று ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டார்ச் லைட் அடித்தேன். குழந்தையின் கழுத்துக்குப் பக்கத்தில் ஒன்று ஊர்ந்தது. விளக்கைப் போட்டு மெத்தையைத் தூக்கிப்போட்டு, திருப்புளியால் தலைமாட்டுப் பலகையைக் கழற்றினேன். சட்டமும் காலும் சேருகிற இடுக்கில், கொக்கி மாட்டுகிற பள்ளத்தில், பூவேலைக்குப் பின்பக்கம், பேனா மையைத் தெளித்த மாதிரி கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அது பூச்சியின் கழிவு. உரித்துப் போட்ட தோல் சருகு சருகாக. வெள்ளை வெள்ளையாக முட்டை. அதற்கு நடுவில் ரத்தம் குடித்துப் பருத்ததும், தட்டையாகக் காத்திருப்பதுமாக அடை அடையாகப் பூச்சி. வார்னிஷ் அடித்தவன் வெளியில் மட்டும் அடித்திருந்தான். உள்ளே அப்படியே இருந்தது. அது எந்தப் பெரிய இடமோ, அந்தக் குடும்பத்தின் ரத்தத்தைக் குடித்து வளர்ந்த பூச்சி. கொடவுனில் பட்டினி கிடந்து, என் பிள்ளையின் ரத்தத்தில் பிழைத்துக்கொண்டது.

திண்ணையில் படுத்திருந்த அம்மாவை எழுப்பினேன். வந்து பார்த்தது. “நான் சொன்னேன்ல” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அடுப்பப் பத்த வைடா” என்றது.

விடியறதுக்குள் கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பின்பக்கம் போட்டோம். அம்மாதான் எல்லாம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணியை இடுக்கு இடுக்காக ஊற்றியது. ஆணி ஓட்டையில் ரேஷன் கிருஷ்ணாயிலைத் துணியில் நனைத்து அடைத்தது. மெத்தை உறையை வெந்நீரில் முக்கி, மெத்தையை மொட்டை வெயிலில் போட்டது. “இதோட உட்ராத. முட்ட பொரிக்கும். எட்டு நாளு கழிச்சி மறுபடியும் ஊத்து, அதுக்கப்பறம் இன்னொரு வாட்டி.” அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பின்னால் நான் தேடிப் படித்ததில் அம்மா சொன்னது அப்படியே இருந்தது. முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும். குஞ்சு அஞ்சு தடவை தோல் உரித்துப் பெரிதாகும். ஒவ்வொரு தடவை உரிக்கவும் ஒரு வயிறு ரத்தம் வேணும். சாப்பாடு இல்லாமல் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாம் விடுகிற மூச்சையும் உடம்புச் சூட்டையும் வைத்து ஆளைத் தேடி வரும். கடிக்கும்போது வலிக்காது, ஏனென்றால் அதன் எச்சிலில் இடத்தை மரத்துப்போக வைக்கிறதும் இருக்கிறது, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறதும் இருக்கிறது. அந்த எச்சில் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால்தான் தடிப்பு, அரிப்பு. நோய் எதையும் அது பரப்புவதாக நிரூபணம் இல்லை. வெறும் வெயில் மட்டும் மர இடுக்கில் இருக்கிற பூச்சியைக் கொல்லாது, சூடு உள்ளே வரைக்கும் ஐம்பது டிகிரிக்கு மேல் ஏறணும். அதனால்தான் கொதிக்கிற தண்ணி.

இன்னொன்றும் படித்தேன். மூட்டைப்பூச்சிக்கு அழுக்கு வேண்டாம். குப்பையைத் தின்னாது, சாக்கடையில் முட்டை இடாது. அதற்குத் தேவை ஒரு இடுக்கும் ஒரு உடம்பும். ரெண்டும் இருந்தால் குடிசையோ மாளிகையோ ஒன்றுதான். மலேரியாவை ஒழிக்க 1953லிருந்து வீடு வீடாக டிடிடி அடித்தார்கள். மருந்துக்குக் கொஞ்ச காலம் அடங்கின பூச்சி அப்புறம் அதையும் தாங்கப் பழகிக்கொண்டது. 1990களுக்குப் பிறகு அமெரிக்கா, ஐரோப்பா என்று பணக்கார தேசமெல்லாம் திரும்பப் பரவி, நட்சத்திர ஓட்டல் மெத்தைக்குள்ளும் புகுந்தது. 2023ல் பாரிஸ் நகரத்தில் ரயிலிலும் சினிமா தியேட்டரிலும் மூட்டைப்பூச்சி என்று பெரிய அமளியே ஆச்சு. நியூயார்க்கில் 2010ல் சட்டம் போட்டார்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர், போன ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்று குடிவருகிறவருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அங்கே வீட்டுக்காரர் பூச்சியைப் பற்றிச் சொல்லணும். இங்கே குடிவருகிறவன் சாதியைப் பற்றிச் சொல்லணும்.

விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். “சொறி இல்லீங்க. கட்டில்ல மூட்டைப்பூச்சி. கொழந்தைக்கு சரியாயிடுச்சு, பாருங்க.” உடைந்த பலகையைக்கூடக் காட்டினேன். அந்த அம்மா பலகையைப் பார்க்கவில்லை. “பூச்சியோ சொறியோ, மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க” என்றார். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்துப் போனவன் நான். அந்த அம்மாவுக்குக் காரணம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதை வெந்நீர் ஊற்றிக் கொல்ல முடியாது.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் என்று ஒரு பழமொழி உண்டு. முட்டாளைக் கேலி பண்ணச் சொல்வது. எங்க சனங்க கேட்டால் சிரிப்பு வராது. வீட்டைக் கொளுத்துவது எங்க பக்கம் நிஜமாக நடப்பது. 2012 நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினபோது, வெளியூரில் உழைத்து வாங்கின பீரோவும் கட்டிலும் டிவியும் கருகிக் கிடந்த படங்களைப் பேப்பரில் பார்த்தேன். எனக்குத் தாத்தாவின் ஞாபகம்தான் வந்தது. நாங்கள் கட்டிலில் உட்கார்ந்தாலே எழுந்திருக்கச் சொன்ன கண்ணுக்கு, எங்கள் வீட்டுக்குள் கட்டில் இருப்பது எவ்வளவு அரித்திருக்கும். அந்த அரிப்புக்கு எந்தப் பூச்சியும் காரணம் இல்லை.

நாங்கள் வேறு வீடு பார்த்துப் போனோம். இந்தத் தடவை கேட்டபோது சாதியைச் சொன்னேன். ஏழு வீட்டில் இல்லை என்றார்கள். எட்டாவது வீடு கிடைத்தது. கட்டிலைத் திரும்ப மாட்டினோம். பெட்டியில் இருந்த படத்தையும் எடுத்து மாட்டினேன். புது வீட்டில் முதல் நாள் அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றது. பாப்பா கையைப் பிடித்து இழுத்தாள். “ஆயா, வா ஆயா.” ஓரத்தில் உட்கார்ந்தது, கால் ரெண்டும் தரையில் ஊன்றியிருந்தது, எந்த நேரமும் எழுந்துகொள்கிற மாதிரி. யார் வரப் போகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டது.

அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. எங்க வீட்டில் அந்த வழக்கம் இல்லை, வார்த்தையும் இல்லை. அடுத்த அறுப்பு முடிந்ததும் அம்மா திரும்ப வந்தது. தலையில் அதே மாதிரி ஒரு மூட்டை. உள்ளே வருவதற்கு முன்னால் வாசலிலேயே நின்று, மூட்டையை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, சேலையை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் உதறிக் காட்ட ஆரம்பித்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “வேணாம்மா, உள்ள வா” என்றேன். “இருடா, உதறிட்டு வரேன்” என்றது. அதன் முகத்தில் கோபம் இல்லை. பழகிப்போன முகம். கடி விழும், தடிப்பு வராது.

மல்லாட்டையை அன்றைக்கு நானே தின்றேன். பாதிப் படி இருக்கும்.